பழைய லீவர் ரைஃபிளுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆகவே இது பெர்த்துக்கோ ஆக்லாந்துக்கோ குடிபெயர்ந்து, அங்கே முறையாக உரிமம் எடுத்து, மான் வேட்டைக்குப் பழைய லீவர் ரைஃபிள் (விசையை ஒட்டிய நெம்பியைக் கீழே இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் துப்பாக்கி) தேடும் நம்மவர்களுக்கு.

பழைய கார் வாங்கும்போது சிஓஇ எத்தனை மாதம் பாக்கி என்றுதான் முதலில் கேட்போம். லீவர் ரைஃபிளில் அந்த இடம் தயாரிப்பு ஆண்டுக்கு. வின்செஸ்டர் 94 என்ற அமெரிக்க மாடலில் 1964தான் எல்லைக்கோடு. வரிசை எண் சுமார் 2,700,000-க்குக் கீழே இருந்தால் அதற்கு முந்தியது. அந்த ஆண்டு செலவைக் குறைக்க, கடைந்தெடுத்த சில பாகங்களுக்குப் பதில் தகட்டில் அடித்த பாகங்கள் வந்தன. ரிசீவரின், அதாவது பேரல் பொருந்தும் நடு உடலின், உலோகமும் மாறியதால் கறுப்புப் பூச்சு நாளடைவில் உரியும். ஆனால் சுடுவதில் குறையில்லை. வேட்டைக்கு மட்டும் வேண்டுமென்றால் 1964-க்குப் பிந்தியதை மலிவாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு மாடலான மார்லின் 336-இல் ரிசீவரை ஒட்டி, பேரலின் இடப்பக்கம் ஜே, எம் என்ற இரண்டு எழுத்து முத்திரையைத் தேடுங்கள். அது கனெக்டிகட் ஆலையில் செய்த பேரல். மார்லினை வாங்கிய ரெமிங்டன் நிறுவனம் தயாரிப்பை நியூயார்க் மாநிலத்துக்கு மாற்றிய தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் சாய்ந்த குறிமுனை, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி போன்ற குறைகள் இருந்ததால், சந்தையில் அந்த முத்திரைக்குத் தனி மதிப்பு.

இனிச் சோதனை. லீவரைத் திறந்து தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பேரலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசினுக்குள் தோட்டா ஒளிந்திருக்கும். அதையும் உறுதிசெய்த பிறகே மேலே தொடருங்கள்.

பேரல் வாயில் கடைசி ஓர் அங்குலத்தை விளக்கடித்துப் பாருங்கள். வின்செஸ்டர் 94-ஐப் பின்பக்கமிருந்து துடைக்க முடியாது. துடைக்கும் கம்பி வாய்வழியேதான் நுழைய வேண்டும். பல்லாண்டு உரசலில் அங்கேதான் குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் தேயும், குறியும் சிதறும். டம்மி (வெடிமருந்தில்லாத) தோட்டாவின் முனையை வாயில் செருகினால் பித்தளை உறையின் விளிம்புவரை இறங்கக்கூடாது. அப்படி இறங்கினால் வாயைக் கடைய வேண்டும், அல்லது பேரலையே மாற்ற வேண்டும்.

அடுத்து ஐந்து டம்மி தோட்டாக்களைப் போட்டு மெதுவாகவும் வேகமாகவும் லீவரை இயக்குங்கள். மார்லினில் லீவரின் முனை, தோட்டாவைத் தூக்கும் கேரியரை அடியில் அரித்துவிடுவது உண்டு. அப்போது அடுத்த தோட்டா முந்திக்கொண்டு பாதி வந்து நிற்கும், லீவர் இறுகிவிடும். பழுதுபார்க்கக் கூடியதுதான், கூலியைக் கேட்டு விலையில் கழியுங்கள். சுத்தியலை முழுதாக இழுத்து வைத்து, விசையைத் தொடாமல், கட்டை விரலால் முன்னே தள்ளுங்கள். விழுந்துவிட்டால் வாங்க வேண்டாம்.

சரிசெய்ய முடியாத குறைகள் வேறு. மெருகேற்றிப் புதுப்பித்த இரும்பில் பொறித்த எழுத்து மங்கியிருக்கும், மூலைகள் மழுங்கியிருக்கும், திருகுத் துளையின் விளிம்பு குழிந்திருக்கும். பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், சேகரிப்பாளர் பாதி விலைகூடத் தரமாட்டார். ஸ்கோப்புக்காகப் பிற்காலத்தில் போட்ட துளைகளும், தோளில் வைக்கும் மரக்கட்டையை வெட்டிக் குட்டையாக்கியதும் இதே வகை. வின்செஸ்டர் 94-இல் விசையிலிருந்து கட்டை முடிவுவரை சுமார் 13 அங்குலம் இருக்க வேண்டும். மரம் இரும்பைச் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

விலைக்கு வருவோம். கேரோசெல்லில் கேட்கும் விலை ஒன்று, கைமாறும் விலை வேறொன்று என்பது நமக்குத் தெரியும். இங்கும் விற்று முடிந்த விலைகளையே எடுங்கள்: அதே மாடல், அதே காலம், அதே தோட்டா அளவு, ஐந்தாறு விற்பனை. மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைப் பிடியுங்கள். அது 1,000 வெள்ளி, பழுதுக்கூலி 150 என்றால் பேச்சை 850-இலிருந்து கீழே தொடங்குங்கள். 30-30 அளவுத் தோட்டா எளிதில் கிடைக்கும். 32 வின்செஸ்டர் ஸ்பெஷலுக்கு அலைய வேண்டும், அதற்கும் கொஞ்சம் குறைக்கலாம்.

பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். துப்பாக்கி மெக்கானிக் அளவுமானி வைத்து, தோட்டா அறையை மூடும் போல்ட்டின் இடைவெளியைச் சோதித்து, தேவைப்படும் இடத்தில் காவல்துறை அனுமதியும் கைக்கு வந்த பிறகே மீதி. மேற்கு ஆஸ்திரேலியாவின் 2024 சட்டப்படி வேட்டைக்காரர் ஒருவர் 5 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.