ஏஐஏ, ஈவ் கருவிகளை ஒப்பிடுவது எப்படி? சூரியனின் தீவிரப் புறஊதா அளவீட்டில் முதல் பயிற்சி

சூரியனின் தீவிரப் புறஊதாக் கதிர்களை வளிமண்டலத்தின் மேலடுக்குகளே உறிஞ்சிக்கொள்வதால், அவற்றைத் தரையிலிருந்து அளக்க வழியில்லை. விண்ணுக்கு அனுப்பிய கருவியை மீட்டுவந்து சரிபார்க்கவும் பெரும்பாலும் இயலாது. அதற்குள் வடிகட்டிகளிலும் கண்ணாடிகளிலும் படியும் கரிமப் படலம் அந்தக் கதிர்களாலேயே இறுகி, உணர்திறனைக் குறைத்துவிடுகிறது. ஆகவே ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இதைக் கற்க, 2010 பிப்ரவரியில் நாசா ஏவிய எஸ்டிஓ விண்கலம் மிக ஏற்றது: சூரியனைப் படம்பிடிக்கும் ஏஐஏவும், முழுச் சூரியனின் நிறமாலையை அளக்கும் ஈவும் அதில் அருகருகே இயங்குகின்றன.

படி 1: நாளும் அலைநீளமும்

2010 மே முதல் 2014 மே வரையிலான காலத்திற்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஈவில் ஏறத்தாழ 5 முதல் 37 நானோமீட்டர் வரை அளந்த மெக்ஸ்-ஏ பகுதி 2014 மே 26 அன்று செயலிழந்துவிட்டது. பெரிய சூரியச் சுடர் எழாத நாளாக இருக்கட்டும். ஏஐஏவில் 171 ஆங்ஸ்ட்ராம் (அதாவது 17.1 நானோமீட்டர்) அலைவரிசையில் தொடங்குங்கள். 131, 335 இரண்டும் ஒரே தொலைநோக்கியைப் பகிர்வதால் ஒன்றின் ஒளி மற்றொன்றில் சிறிது கலக்கும்; அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஏஐஏ

படத்தின் எல்லாப் படப்புள்ளிகளையும் கூட்டி, எக்ஸ்போஷர் நேரத்தால் வகுத்தால், கருவி நொடிக்கு எத்தனை அலகு பதிவுசெய்தது என்ற ஒரே எண் கிடைக்கும். அந்த நேரத்தைப் படக் கோப்பின் தொடக்கத்திலுள்ள தகவல் பகுதியிலிருந்தே (header) எடுங்கள். சுடர் எழும்போது கருவி அதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

படி 3: ஈவ்

பலர் தடுமாறும் இடம் இது. ஏஐஏவின் ஒற்றை எண்ணிலிருந்து நிறமாலையை மீட்க முடியாது; ஆனால் ஈவின் நிறமாலையிலிருந்து ஏஐஏ எதைப் பதிவுசெய்திருக்க வேண்டும் என்று கணிக்க முடியும். எனவே கணக்கு எப்போதும் ஈவிலிருந்து ஏஐஏவை நோக்கியே போக வேண்டும். முதலில், சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என ஈவ் தரும் அளவை ஒளியன் (ஃபோட்டான்) எண்ணிக்கையாக மாற்றுங்கள். 17.1 நானோமீட்டரில் ஓர் ஒளியனின் ஆற்றல் சுமார் 1.16 × 10⁻¹⁷ ஜூல். ஒவ்வோர் அலைநீளத்திற்கும் இது மாறும் என்பதால், நிறமாலையைக் கூட்டுவதற்கு முன்பே வகுத்துவிட வேண்டும். சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக்க 10,000ஆல் வகுங்கள். பிறகு ஒவ்வோர் அலைநீளத்திலும் ஏஐஏவின் துலங்கல் மதிப்பால், அதாவது அந்த அலைநீளத்தில் அதன் உணர்திறனால், பெருக்கித் தொகையிடுங்கள்.

தூரத்தையும் கவனியுங்கள். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதால், ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே செறிவு ஏறத்தாழ 7 சதவீதம் வேறுபடும். வெளியிடப்படும் அளவுகள் சராசரித் தூரத்திற்குச் சரிசெய்யப்பட்டவையா என்பதை விளக்கக் குறிப்பில் பார்த்து, இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: விகிதம்

படி 2இல் கிடைத்த எண்ணைப் படி 3இல் கணித்த எண்ணால் வகுங்கள். மாதத்திற்கு ஒரு நாள் வீதம் இதைச் செய்து வரைபடமாக்கினால், உணர்திறன் சரிவது கண்ணுக்குத் தெரியும். 304 அலைவரிசையில் அச்சரிவு மிகக் கடுமையானது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏஐஏ தரவைக் கையாளும் பைத்தான் நிரல் தொகுப்பான ஏஐஏபையில் துலங்கல் மதிப்பை எடுக்கும்போது, காலத்தேய்வுக்கான திருத்தமும் ஈவுக்கு இசைவாக்கும் திருத்தமும் விருப்பத் தேர்வுகளாக இருக்கும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை ஈவுடன் ஒப்பிட்டே உருவாக்கப்பட்டவை. அவற்றைச் சேர்த்துவிட்டு விகிதம் 1க்கு அருகில் வந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை.

படி 5: மாறியது எது?

விகிதம் மாறியதாலேயே பழுது ஏஐஏவில்தான் என்று முடிவுகட்ட இயலாது, ஈவும் தேய்கிறது. இதைத் தீர்க்க, ஈவை ஒத்த ஒரு கருவியை மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்கில் உள்ள சர்ஃப் சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுழற்றி ஒளி உமிழச் செய்யும் கருவி) அளவுத்திருத்தம் செய்து, நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஆய்வு ராக்கெட்டில் அனுப்பினார்கள். சின்க்ரோட்ரான் உமிழும் ஒளியின் செறிவை இயற்பியல் விதிகளிலிருந்தே கணிக்கலாம் என்பதால் அது நம்பத்தக்க அடித்தளமாகிறது. ராக்கெட் சூரியனைச் சில நிமிடங்களே பார்க்கும். ஆனால் அந்த நிமிடங்களின் அளவீடு புத்தம் புதியது. முதல் பயணம் 2010 மே மாதத்தில் நடந்தது. பிறகும் பலமுறை அனுப்பினார்கள். அந்த நாட்களுக்கான விகிதங்களை வரைபடத்தில் வேறு நிறத்தில் குறித்து, அவற்றுக்கே கூடுதல் எடை கொடுங்கள். இடைப்பட்ட மாதங்களில் ஈவின் சொந்தத் திருத்தத்திலும் இடைக்கணிப்பு, அதாவது இரு அளவீடுகளுக்கு இடையிலான மதிப்பைக் கணித்து நிரப்புவது, கலந்திருக்கிறது.