'ட்ரேஸ்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பயன்படுத்தும் முறை

பினாங்கில் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் மாணவர்கள் பலர், எதைத் தேடிக் கண்டறிந்தாலும் 'ஃபைண்ட்' என்றே எழுதுகிறார்கள். ஒன்றின் பூர்வீகத்தைத் தேடிச் செல்வதற்கு உரிய சொல் 'ட்ரேஸ்'.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொலைந்த சாவி கிடைத்தால் அது 'ஃபைண்ட்'. பாட்டியின் தகரப்பெட்டியில் கிடக்கும் பழைய கடிதத்தை எடுத்து, பாதி அழிந்த அஞ்சல் முத்திரையில் 'பட்டினம்' என்ற எழுத்துகளை மட்டும் படித்து, அதைக் கொண்டு உறவினரை விசாரித்து, இறுதியில் தாத்தா கப்பலேறிய நாகப்பட்டினத்தை அடைவது 'ட்ரேஸ்'. தடம் பிடித்துப் பின்னோக்கிச் செல்வதே இச்சொல்லின் உயிர். வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோட்டின் மீதே கோடு இழுப்பதற்கும் இதே சொல்தான். அங்கும் ஏற்கெனவே உள்ள தடத்தைத்தான் கை பின்பற்றுகிறது.

அடுத்து, வாக்கிய அமைப்பு. தேடப்படும் பொருள் வினைக்கு அடுத்து நேரடியாக வர வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு முன் 'டு' அல்லது 'பேக் டு' வரும். 'ஷி ட்ரேஸ்ட் ஹர் ஃபேமிலி பேக் டு நாகப்பட்டினம்' என்றால், தன் குடும்பத்தின் வேர் நாகப்பட்டினத்தில் இருப்பதை அவர் தடம் பிடித்து அறிந்தார் என்று பொருள்.

தேடியவர் யார் என்பது முக்கியமில்லாதபோது செயப்பாட்டு வினை பொருந்தும். ஜார்ஜ்டவுன் வீதிகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் 'கெடாய்' என்ற மலாய்ச் சொல் நம் 'கடை'யிலிருந்து வந்தது. இதனை, 'தி மலாய் வேர்ட் கெடாய் கேன் பி ட்ரேஸ்ட் டு தமிழ்' என எழுதலாம். சொற்களின் வரலாற்றைப் பேச இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

பிழைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆளையோ பூர்வீகத்தையோ தேடும்போது 'ட்ரேஸ் அவுட்' என்று எழுத வேண்டாம்; 'ட்ரேஸ்' மட்டும் போதும். 'ட்ராக்' என்பதுடனும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பொட்டலம் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கவனிப்பது 'ட்ராக்', அது எங்கிருந்து புறப்பட்டது என்று பின்னோக்கித் தேடுவது 'ட்ரேஸ்'.

பயிற்சியாக, மலாயில் உள்ள 'கப்பால்' என்ற சொல்லை நம் 'கப்பல்' உடன் இணைத்து, மேலே கண்ட செயப்பாட்டு அமைப்பில் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'ட்ரேஸ்ட்' என்பதை அடுத்து 'ஃப்ரம்' என்று எழுதியிருந்தால், அதை 'டு' என மாற்றுங்கள்.