கடினப்பாறை நிலத்தில் கிணற்றுக்கு மழைநீர் ஊட்டும் முறை

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறையின் மேல் அமைந்துள்ளது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளில் நிலத்தடி நீர் என்பது பெரும்பாலும் சிதைந்த மேற்பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்கும் நீர்தான். ஆழ்துளைக் கிணற்றை ஆயிரம் அடிக்கு இறக்குவதால் அங்கே புதிதாக நீர் பிறப்பதில்லை. ஆனால் விரைவில் வற்றும் இப்பாறை விரைவில் நிரம்பவும் செய்யும். பாறையில் நீர் தங்கக்கூடிய இடம் நூற்றுக்கு இரண்டு பங்கு எனில், 20 மி.மீ. நீர் கீழிறங்கினாலே நீர்மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயரும்.

மழை முதலில் வயலிலேயே இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்தி, அதன் பின்னும் வழிந்தோடும் நீரை மட்டுமே கிணற்றுக்குத் திருப்புவது முறை. ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 1 லட்சம் லிட்டர்; அதில் பத்தில் ஒரு பங்கு வழிந்தாலும் 10,000 லிட்டர் கிடைக்கும். கனமழையின்போது வயலைச் சுற்றி நடந்து, நீர் எந்த மூலையில் வெளியேறுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் வாய்க்காலின் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வேலையில் வண்டலே முதல் எதிரி. கலங்கல் நீரை நேரே கிணற்றில் விட்டால், அது ஊற்றுக்கண்களை அடைத்து உள்ளதையும் கெடுத்துவிடும். ஆகவே கிணற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட இரண்டு குழிகளை அடுத்தடுத்து வெட்ட வேண்டும். முதற்குழி வெறுமையாக இருந்து வண்டலைப் படிய வைக்கும். இரண்டாவதில் அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே பருமணல் என நிரப்ப வேண்டும். இக்குழியின் அடியிலிருந்து 6 அங்குல பிவிசி குழாயைக் கிணற்றுக்குள் ஒன்றரை அடி நீட்டி வைத்தால், விழும் நீர் சுவரை அரிக்காது. அக்டோபரில் பருவமழை தொடங்குமுன் வண்டலை வாரி, மணலைக் கழுவி விடுவது ஆண்டுதோறும் தவறக்கூடாத வேலை.

முதல் மழையின் நீரையும், உரமோ பூச்சிமருந்தோ புதிதாக இட்ட வயலின் நீரையும், மாட்டுத்தொழுவக் கழிவையும் விலக்கிவிட வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியிருந்த கிணறுகள் கெட்டதை அப்பகுதி உழவர்கள் அறிவார்கள். கெட்ட நீர் பாறைக்குள் இறங்கினால் அதை வெளியேற்றுவது மிகக் கடினம். இதே காரணத்தால், ஆழ்துளைக் கிணற்றின் வாய்க்குள் வயல்நீரை நேரே விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் அருகே உறிஞ்சுகுழி வெட்டுவதே பாதுகாப்பானது.

ஊட்டிய நீர் வெடிப்புகளின் வழியே அடுத்த தோட்டத்துக் கிணற்றுக்கும் செல்லும் என்பதால், ஒரே ஓடையை ஒட்டியவர்கள் சேர்ந்து செய்வது நல்லது. மாதம் ஒருமுறை, மோட்டாரை ஓட்டுவதற்கு முன், முடிச்சிட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். ஜனவரி அளவு முந்தைய ஆண்டை விடத் தாழ்ந்திருந்தால், வாழையையும் கரும்பையும் தவிர்த்து உளுந்தோ எள்ளோ விதைக்கலாம்.