உப்புக் கிணற்றுத் தண்ணீரை வெயிலில் குடிநீராக்கும் பெட்டி

எங்கள் சாயல்குடி பக்கம் தோண்டினால் தண்ணீர் வரும், வாயில்தான் வைக்க முடியாது. வெயிலுக்கு மட்டும் குறைவே இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கப்போட்டால் கிருமி சாகும், அது உண்மைதான். உப்பு அப்படியேதான் இருக்கும். வெயிலை வைத்தே உப்பும் போக வேண்டுமானால் நீரை ஆவியாக்கித்தான் பிடிக்க வேண்டும். சிலி நாட்டுப் பாலைவனத்தில் 1872-லேயே சுரங்கத்துக்கு இப்படித்தான் நல்ல தண்ணீர் எடுத்தார்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தொட்டி போதும். தகரம் வேண்டாம், உப்பு அரித்துவிடும். கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கறுப்பு நிறம் கலந்து வார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் 15 செ.மீ., பின்பக்கம் 42 செ.மீ. உயரம். அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஒரு அடைப்பான், பின்பக்கம் தண்ணீர் ஊற்ற மூடி போட்ட ஒரு துளை. தொட்டியை நான்கு விரல் கனத்துக்கு உமி பரப்பிய மரச் சட்டத்தில் உட்கார வையுங்கள், சூடு கீழே இறங்காது. தாழ்ந்த பக்கம் தெற்கே பார்க்கட்டும்.

மேலே 4 மி.மீ. சாதாக் கண்ணாடி. வாட்டத்தில் நீளம் கூடும், 1.1 மீட்டருக்கு வெட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் தாள் மலிவு என்று போகாதீர்கள். அதில் ஆவி முத்து முத்தாகக் கோத்து மறுபடி தொட்டியிலேயே சொட்டும். கண்ணாடியில் படலமாகப் படிந்து வழுக்கி இறங்கும். எண்ணெய்க் கை பட்டிருந்தால் அங்கேயும் முத்துக் கட்டும். அதனால் பொருத்துமுன் உள்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இறங்கும் நீரைப் பிடிக்கக் கண்ணாடியின் தாழ்ந்த விளிம்புக்குக் கீழே, தொட்டிக்கு உள்ளே, துருப்பிடிக்காத எஃகில் மடித்த ஓடை வேண்டும். ரசமட்டம் வைத்து ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்து, அந்தக் கோடியில் குழாய் வைத்துக் கண்ணாடி ஜாடிக்குள் விடுங்கள். விளிம்பு முழுக்கச் சிலிக்கான் பசை. பெட்டி ஒழுங்காக ஓடுமா என்பதே இந்தப் பசையில்தான் இருக்கிறது. மதியம் ஓரமெல்லாம் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரம் தட்டும் இடத்தில் ஆவி தப்பிப் போகிறது, அங்கே மறுபடி பூசுங்கள்.

காலையில் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு, அதாவது 20 லிட்டர் ஊற்றினால் போதும். ஆழம் கூடினால் சூடேற நேரமாகும். ஒரு லிட்டர் ஆவியாகக் கிட்டத்தட்ட முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தேவை. வெயிலில் பாதிக்கு மேல் வீணாகத்தான் போகும். நல்ல நாளில் மூன்று லிட்டர் கிடைக்கும். நாலு பேர் குடிக்க மூன்று பெட்டி வேண்டும். சமையலுக்கு இது கட்டாது.

புதுத் தொட்டியில் ஃபைபர் வாடை போகும்வரை வரும் நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அடைப்பானைத் திறந்து உப்புக் கரைசலை வெளியேற்றுங்கள். அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் கறுப்பு மறைந்து சூடு குறையும். பூச்சிமருந்தோ டீசலோ கலந்த நீரை மட்டும் ஊற்றவே கூடாது, ஆவியோடு அதுவும் சேர்ந்து வரலாம்.

தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று எங்கள் அத்தை இன்னும் முணுமுணுக்கிறார். மண்பானையில் ஊற்றி வைத்தால் அவருக்குச் சரி. அப்புறம், கண்ணாடியின் வெளி விளிம்பிலும் ஓர் ஓடை மாட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் வெயில் இல்லாத நாளிலும் அதில் குடம் நிறையும். முதல் மழைத் தண்ணீரை மட்டும் தூசி போக விட்டுவிடுங்கள்.