எதுக்கு எது செங்குத்து?

போன வாரம் மேடவாக்கத்தில் ஒரு கட்டட சைட். டிப்ளமோ முடித்துப் புதிதாக வந்திருக்கும் பையன், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டைச் சுருட்டிக்கொண்டே, "நாலு சுவரும் செங்குத்தா இருக்கு சார்" என்றான். "எதுக்கு எது?" என்று கேட்டேன். முழித்தான். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில்தான் முழித்தேன், அதனால் திட்ட மனம் வரவில்லை. டேப்பை மாற்றிப் படிப்பது, அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் குழப்பிக்கொள்வது எல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள். இந்தச் செங்குத்து விஷயத்தில் மாட்டவைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

தூக்குக்குண்டைப் போட்டுவிட்டு மூலையை நம்புவது

நம் மொழியில் 'செங்குத்து' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. நட்டுக்க நிற்பதும் செங்குத்து, இரண்டு கோடுகள் 90 பாகையில் சந்திப்பதும் செங்குத்து. முதலாவதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும், குண்டு போதும். இரண்டாவது உறவுமுறை மாதிரி. ஒருவர் தனியாக மச்சானாக இருக்க முடியுமா? ஒற்றைக் கோடும் அப்படித்தான், இன்னொரு கோடு வேண்டும். தரையில் படுத்துக் கிடக்கும் இரண்டு நூல்கூட ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கலாம்.

இது புரியாமல் நான் மாட்டியது ஒரு 12க்கு 16 அடி ஹாலில். சுவர்கள் குண்டுக்குத் துல்லியமாக நின்றன. "எல்லாம் செங்குத்து" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பூச்சு முடிந்து, டைல்ஸ் மேஸ்திரி ஒரு சுவரை ஒட்டி வரிசை பிடித்துக்கொண்டே போனார். எதிர் மூலைக்குப் போனபோது மூன்று அங்குலத்துக்கு மேல் ஆப்பு மாதிரி இடைவெளி. மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இரண்டு பக்கமும் சரியாக 20 அடி வரவேண்டும். ஒன்று 20 அடி 2 அங்குலம், இன்னொன்று 19 அடி 10. மூலை பிசகியது ஒரே ஒரு பாகைதான்!

பெயர்த்த டைல்ஸுக்கு என் சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார்கள். காசு போனதுகூடப் பரவாயில்லை. அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போதே இரண்டு நிமிடம் டேப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுதான் இன்றும் எரிகிறது.

அப்புறம், மூலைக்கு மூலை அளவு இரண்டும் சமமாக வந்தால் மட்டும் ஆடிவிடாதீர்கள். ஒரு பக்கம் குறுகிய சரிவகத்திலும் அவை சமமாக வரும். எதிரெதிர்ப் பக்கங்களும் சமமா என்று பார்த்தால்தான் நான்கு மூலையும் செங்கோணம்.

சின்ன மூலைமட்டம்

மூலை பார்க்கும் L வடிவ மட்டத்தில், ஓரடிக் கைக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பிசகினால், 16 அடியில் அது இரண்டு அங்குலம். 3-4-5 கணக்கைப் போடுங்கள்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வரவேண்டும். முடிந்தால் இரட்டிப்பாக 6-8-10 அடியில்.

மனை சதுரமாக இருக்கும் என்ற நினைப்பு

இருக்காது.

கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் விடும் இடம்

சாய்வாகப் பிடித்த டேப் எப்போதும் கூடுதலாகவே காட்டும். "அஞ்சு அடி இருக்கு சார்" என்பார்கள், நாலே முக்கால்தான் இருக்கும். கட்டட மூலையில் டேப்பின் நுனியை ஒருவர் பிடிக்கட்டும், மறுமுனையை டேப் தொய்யாமல் காம்பவுண்டு ஓரமாக இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எங்கே அளவு மிகக் குறைவாகக் காட்டுகிறதோ, அங்கேதான் டேப் சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறது.