மேன்முறையீட்டுக்கு ஓடும்போது விடும் பிழைகள்

கடத்தல், பாலியல் வன்முறை வழக்கில் மகனுக்குத் தண்டனை விழுந்து, மூதூரிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. கிராம சேவகரின் நற்சான்றிதழ், கோயில் நிருவாகத்தின் கடிதம், ஓ.எல். பெறுபேறு என்று ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். நான் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, தீர்ப்பு எந்தத் திகதியில சொன்னவை?" அது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை.

முதல் பிழை இதுதான். இலங்கையில் மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு மனுவை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாளையே முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். யூடியூப்பில் இந்திய வழக்கறிஞர் 60 நாள் என்று சொல்வது இங்கே செல்லாது. மனுவுக்காகக் கொழும்புக்கு ஓடவும் தேவையில்லை. தண்டனை விதித்த திருகோணமலை மேல் நீதிமன்றப் பதிவாளரிடமே கொடுக்கலாம். சிறையில் இருப்பவர் அந்த நாள்களுக்குள் ஜெயிலரிடம் காரணங்களோடு சொன்னால், மனுவைத் தயாரித்து அனுப்புவது ஜெயிலரின் கடமை.

அடுத்தது, "அவள் விரும்பித்தானே போனவள்" என்ற வாதம். பெண்பிள்ளை 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால், பெற்றோரின் பொறுப்பிலிருந்து கூட்டிப்போன குற்றத்துக்கு அவளுடைய விருப்பம் விடையாகாது. சட்டம் கேட்பது பாதுகாவலரின் சம்மதத்தை. பாலியல் வல்லுறவிலும் 16க்குக் கீழே சம்மதம் கணக்கில் வராது. "ஒரேயொரு சாட்சிதானே" என்பதும் உதவாது. சாட்சிகளுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை இல்லையென்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது.

மேன்முறையீடு இரண்டாவது விசாரணை இல்லை. கொழும்பு புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்கள் வழக்கேட்டைத்தான் பார்ப்பார்கள். சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் விசாரணை நீதிபதி என்பதால், அவர் நம்பிய சாட்சியத்தை இலகுவில் தள்ளமாட்டார்கள். வருடங்கள் கழித்துச் சாட்சி சொன்ன பிள்ளை ஓட்டோவை நீலம் என்று ஓரிடத்திலும் பச்சை என்று இன்னோரிடத்திலும் சொன்னாள் என்பதைப் பிடித்துத் தொங்குவது வீண். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கூண்டிலிருந்து சொன்ன வாக்குமூலத்தை நீதிபதி ஆராய்ந்தாரா, நிரூபிக்கும் சுமையை எதிரியின் தலையில் வைத்தாரா, அடையாளம் காட்டியது உறுதியா என்று தேடுங்கள். எங்கள் பக்கத்து வழக்கேடு தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் மூலத்தை வரிவரியாக வாசிக்கும் சட்டத்தரணியைப் பிடியுங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற பிழை, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புவது. ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு "சமாதானமாய்ப் போவம்" என்று போய் நிற்பார்கள். ஒருமுறை எல்லாம் சொல்லி முடித்த பிள்ளை மறுபடியும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளும். தயவுசெய்து போகாதீர்கள். சாட்சியை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் தனிக் குற்றம். பேஸ்புக்கில் அவளை அடையாளம் காட்டினால் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு பாயும்.

மேன்முறையீட்டுக் காலத்தில் பிணை, விதிவிலக்கான காரணம் காட்டினால்தான். "தண்டனை அதிகம்" என்று மட்டும் முறையிட்டாலும் கவனம்: அதைக் கூட்டவும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மேன்முறையீட்டாளராகச் சிறையில் இருக்கும் காலம், நீதிமன்றம் வேறாகப் பணிக்காவிட்டால், தண்டனையில் கழியாது. தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கிடும்படி வாதத்தின்போதே கேட்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் நினைவூட்டுங்கள்.