மேல்காற்றும் மறுகால் தண்ணீரும்: நெல்லைச் சீமையில் சைக்கிள் ஓட்ட

திருநெல்வேலிச் சீமையில் சைக்கிளில் வெளியூர் கிளம்புகிறவர் முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? குளங்களில் தண்ணீர் இருக்கிறதா? தூரம், வேகம், எத்தனை கியர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். குளத்து மடைகளையும், குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால்களையும் பார்த்துக்கொள்ளும் அரசு வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை இங்கே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. மலையிடுக்குகள் வழியாக வந்து சமவெளியில் இறங்கும் இந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் பணகுடிப் பக்கமும் காற்றாலைகளை நட்டார்கள். காற்றாலை நிற்கும் இடத்தில் சைக்கிள்காரன் எதிர்த்து மிதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: விடிகாலையில் தணிந்திருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். எனவே ஆனி, ஆடியில் இருட்டோடு கிளம்பி மேற்கே போங்கள். பத்து மணிக்கு மேல் திரும்பினால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். கிழக்கே போய்விட்டு மத்தியானம் மேற்கு நோக்கித் திரும்பும் திட்டம் போட்டவரை அந்த மாதங்களில் யாரும் காப்பாற்ற முடியாது. ஐப்பசிக்குப் பிறகு வாடை. அது அவ்வளவு முரடு இல்லை.

தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்தே ஓடுகிறது. மேற்கே அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பது அணைத் தண்ணீர். ஜூனில் கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டால் கால்வாய்களெல்லாம் கரை தொட்டு ஓடும், வயல் பச்சைகட்டும். தெற்கே நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டிப் பக்கம் மணிமுத்தாறு கால்வாய் இருந்தாலும் பெரும்பாலும் வடகிழக்கு மழையைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குளம் பெருகினால் மாசி வரை கண்ணுக்குக் குறைவில்லை. ஆகவே ஆனி, ஆடியில் மேற்கு. மார்கழி, தை, மாசியில் தெற்கு. சித்திரையில் பதநீர் குடிக்கப் பக்கத்துப் பனந்தோப்பு வரை போய் வந்தால் போதும்.

மேற்குப் பாதையை முதலில் சொல்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை, பத்தமடை, சேரன்மகாதேவி. அதுவரை சுமார் இருபது கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. பத்தமடையில் பாய் வாங்க ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், சைக்கிளில் கட்ட இடம் இருக்காது. சேரன்மகாதேவியில் ஆற்றங்கரைக்கு இறங்கி பக்தவத்சலர் கோயிலைப் பார்த்துவிட்டு வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம். இட்டிலியை அங்கே சாப்பிடலாம்; வழியில் சாப்பிட்டால் நேரம் போய்விடும்.

அவசரம் எதற்கென்றால், அம்பாசமுத்திரத்துக்குச் சற்று வடக்கே திருவாலீசுவரமும் பிரம்மதேசமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிராமத்துக் கோயில்கள் உச்சிப்பொழுதுக்கு முன்பே நடை சாத்திவிடும், பிறகு மாலைதான். திருவாலீசுவரம் சோழர் காலத்துக் கோயில். முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் சுவரில் இருக்கின்றன. கோயிலின் பாதுகாப்பு மூன்றுகை மகாசேனை என்ற படைப்பிரிவின் பொறுப்பில் இருந்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. வயலுக்கு நடுவே கூட்டமில்லாமல் நிற்கும் இந்தக் கோயிலில் ஒரு நேரம் ஒரு படையே காவல் இருந்திருக்கிறது! வந்தவர்கள் சன்னதியைக் கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் விமானத்தைச் சுற்றி வாருங்கள், கழுத்தை நிமிர்த்தி, மெதுவாக. காலை வெயில் சாய்ந்து விழும்போது சிறிய சிற்பங்களின் விரல்கூடத் தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பிரம்மதேசத்துக் கைலாசநாதர் கோயில் இதைவிடப் பெரியது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் திருவாலீசுவரத்தைச் சொல்வேன்.

பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கால்சட்டையோடு கோயிலுக்குள் போய் அர்ச்சகரிடம் வாதம் செய்வது வீண். வேட்டி வியர்வை துடைக்கவும், மரத்தடியில் விரித்துப் படுக்கவும், பஞ்சர் பார்க்கவும் உதவும். பஞ்சருக்கு எப்படி என்று பிறகு சொல்கிறேன். பெண்கள் ஒரு துப்பட்டா வைத்துக்கொண்டால் போதும்.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டாம். திருப்புடைமருதூர் போய், அங்கிருந்து முக்கூடல் வழியாகப் பேட்டைக்கு வந்துவிடலாம். திருப்புடைமருதூரில் கடனா ஆறு தாமிரபரணியில் கலக்கிறது. ஊர் மரங்களில் நீர்ப்பறவைகள் அடையும். கோயில் கோபுரத்தின் உள்ளே நிலைக்கு நிலை சுவரோவியங்கள் இருக்கின்றன. ஏறிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். முக்கூடலுக்குப் பிறகு காற்று உங்கள் பக்கம். மொத்தம் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வரும், ஆனால் பின்பாதி உடம்புக்குத் தெரியாது.

தெற்குப் பாதையில் பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி சாலையைப் பிடியுங்கள். நான்குவழிச் சாலை நேராக நாங்குநேரிக்குப் போகிறதே என்று கேட்பார்கள். போகிறதுதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்குப் பக்கத்தில் மிதிப்பதற்கா விடிகாலையில் எழுந்தோம்? கூந்தன்குளம் சுமார் 35 கிலோமீட்டர். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டு மரங்களில் கூடுகட்ட விட்டுக் காப்பாற்றி வந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். மஞ்சள் மூக்கு நாரைகள் தெருவிலுள்ள மரங்களிலேயே குஞ்சு பொரிக்கும். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டத்தையும் தை, மாசியில் குளத்தில் பார்க்கலாம். ஊருக்குள் நுழைந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். மணி அடிக்க வேண்டாம். கைப்பேசியில் பாட்டு ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

கூந்தன்குளத்திலிருந்து நாங்குநேரி, அங்கே வானமாமலைப் பெருமாள் கோயிலையும் பெரிய குளத்தையும் பார்த்துவிட்டுக் களக்காடு. மலை பக்கத்தில் வந்துவிடும். அங்கிருந்து வடக்கே திரும்பி சேரன்மகாதேவி வழியாக வீடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்னே பின்னே. கால் பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் கூந்தன்குளத்தோடு திரும்பிவிடலாம், குறை ஒன்றும் இல்லை.

இந்தக் களக்காடு, சேரன்மகாதேவிச் சாலையில்தான் மேடுபள்ளத்தில் ஓட்டும் வித்தை தேவைப்படும். பொட்டல் மேட்டில் ஏறும், ஓடையில் இறங்கும், மறுபடி ஏறும். சமவெளியில் இப்படி ஒரு இறக்கம் கிடைத்தால் வேகமாக விட்டு, அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறத் தோன்றும். இங்கே அதைச் செய்யாதீர்கள். பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு தரைப்பாலம் இருக்கும். அதன்மேல் மணல் ஒதுங்கியிருக்கும். மறுகால் பாயும் காலம் என்றால் தண்ணீர் ஓடும். தண்ணீருக்கு அடியில் பாசி. மறுகால் பாசியை நான் உத்தியோகத்தில் நன்றாக அறிந்தவன். செருப்புக்கால் நிற்காது, மெல்லிய டயர் எப்படி நிற்கும்? இறக்கத்தின் நடுவிலேயே பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள். பாலத்தில் கைப்பிடியைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல், நேராக உருள விடுங்கள். தண்ணீர் கணுக்கால் அளவு ஓடினால் இறங்கித் தள்ளுங்கள். முழங்கால் அளவு என்றால் திரும்பிப் போங்கள், சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது இந்தச் சீமையில் எத்தனை கரைகள் உடைந்தன, எத்தனை சாலைகள் அறுத்துக்கொண்டு போயின என்று பார்த்தவர்கள் ஓடுகிற தண்ணீரோடு விளையாட மாட்டார்கள்.

அடுத்த மேட்டுக்கு, ஏறத் தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று கையெல்லாம் கிரீஸ்தான்.

இதே சாலையில் மேல்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி வந்தால் காற்று இடது பக்கமிருந்து அடிக்கும். நாம் ஓட்டுவதும் இடது ஓரம், ஆகவே தள்ளுவது சாலை நடுவுக்கு, பஸ் வரும் பக்கத்துக்கு. வாழைத்தோட்டம் இருக்கும்வரை மறைப்பு இருக்கும். தோட்டம் முடிந்து வெட்டவெளி தொடங்கும் அந்த ஒரு கணத்தில்தான் ஆள் தடுமாறுவார். தோட்டத்தின் கடைசி வரிசை கண்ணில் பட்டதும் கைப்பிடியைத் தாழ்வாகப் பிடித்து, முழங்கையை இளக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முள். உடை மரமும் சீமைக்கருவேலும் குளக்கரையெங்கும் நிற்கின்றன, மழைக்குப் பிறகு ஓரத்தில் நெருஞ்சி படரும். 32 மில்லிமீட்டர் டயர் போடுங்கள், சராசரி எடை ஆளுக்குக் காற்று 60 பவுண்டு போதும். இந்தச் சாலைகளுக்கு அதைவிட மெல்லிய டயர் அழகுக்குத்தான். பஞ்சரானால் டியூபை மடைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்த பிறகு ஒட்டு வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் விட்டுவிடுவது டயரை. முள்ளின் முனை டயருக்குள் முறிந்து நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. விரலை விட்டுத் தடவினால் விரல் கிழியும். வேட்டியின் ஒரு முனையை டயரின் உட்பக்கம் வைத்து முழுச் சுற்றும் இழுத்து வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். அங்கே முள்வாங்கியால் பிடுங்குங்கள். நெருஞ்சி என்றால் ஒன்றோடு நிற்காது, இன்னொரு சுற்று இழுத்துப் பாருங்கள். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் அந்த வால்வில் நேராகப் பொருந்தாது.

மாசி, பங்குனியில் பிசானம் என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்மேல் ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் அரையாண்டுப் பாடு. உளுந்துச் செடியும் வைக்கோலும் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். கியர் பகுதியில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் உருவி எடுக்க அரை மணி நேரம் ஆகும்.

பங்குனி உத்திரத்தன்று கிராமப் பாதைகளில் போகவே வேண்டாம். குளக்கரைச் சாஸ்தா கோயில்களுக்குக் குடும்பம் குடும்பமாக வேனில் வருவார்கள். மற்ற நாட்களில் அதே சாஸ்தா கோயில்கள்தான் வழியில் கிடைக்கும் நல்ல நிழல். பெரும்பாலும் ஒரு அடிபம்பும் இருக்கும்.

கிழக்கே கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர். நாயக்கர் காலத்துக் கிருஷ்ணாபுரத்தில் அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவன் சிலைக்காகவே போகலாம். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டத் தொடங்கிய ஈமக்காடு, பழங்காலத்தவர் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம். இப்போது குழியின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். ஆனால் வழி திருச்செந்தூர்ச் சாலை, வண்டி அதிகம். ஞாயிறு விடிகாலையில் மட்டும் போங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் இருட்டிலேயே சாலையோரமாக நடக்கும். அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

எங்காவது உடம்போ சைக்கிளோ மறுத்துவிட்டால் பஸ்ஸை நம்ப வேண்டாம், சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் இறக்கிவிட்டு வெறுமனே போகும் லோடு ஆட்டோ கிடைக்கும். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கியர் இருக்கும் பக்கம் மேலே வருமாறு படுக்க வைத்து, அடியில் வாழைச்சருகு போடச் சொல்லுங்கள். கேட்டால் போடுவார்கள்.